சங்கத்துப் பேஸ்புக் பக்கத்தை உருப்படியாக நடத்துவது எப்படி

முதலில், தலைவரின் சொந்தக் கணக்கில் சங்கத்துப் பதிவுகளைப் போடுவதை நிறுத்துங்கள். தனிக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, அதைவிட அவர் கட்டாருக்குப் போனால் எல்லாமே அவரோடு போய்விடும் (எங்களுக்கு நடந்தது, பழைய படங்கள் இன்னும் கைக்கு வரவில்லை). பக்கம் ஒன்று திறந்து இரண்டு பேரையாவது நிர்வாகியாகப் போடுங்கள்.

சரி, என்ன போடுவது? மாலை, பொன்னாடை, பதாகை பிடித்த குழுப்படம் எல்லாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. மட்டக்களப்பு வாகரையில் கிணறு இறைத்தீர்களா, சேற்றுத் தண்ணீர் வெளியே பாய்வதைப் போனை நிமிர்த்திப் பிடித்து 30 விநாடி எடுங்கள், செலவு எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு என்று கீழே எழுதுங்கள், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் நம் ஆட்கள் காசு அனுப்புமுன் தேடுவது அந்தக் கணக்கைத்தான். நேரமும் அவர்களுக்குத் தோதாக இருக்கட்டும்: இங்கே இலங்கையில் இரவு 9 மணி என்றால் டொரொன்டோவில் முற்பகல், சூரிச்சில் பின்னேரம்.

உதவி பெறும் பிள்ளையின் முகம் வேண்டாம். தாய் சம்மதித்தாலும் வேண்டாம். புத்தகப் பையை எடுங்கள், போதும்.

மாரி வெள்ள அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப்தான். ஆனால் பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்புவது உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும், ஆகவே ஐப்பசிக்கு முன்பே வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களுக்குப் போய் ஒவ்வொரு போனிலும் எண்ணைப் பதிய வையுங்கள்.