ஆஸ்திரேலியாவுக்கு வருகிறீர்களா? போனை மாற்றும் முன் அதன் நெட்வொர்க் பேண்டைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ஊரிலேயே புதுப் போன் வாங்கிக்கொண்டு வரட்டுமா, அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?" பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விலையையும் கேமராவையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. கையில் இருக்கும் போன் இந்த நாட்டு நெட்வொர்க்கில் ஒழுங்காகப் பேசுமா? பேசும் என்றால் வந்த புதிதில் அந்தக் காசை வாடகை முன்பணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேசாது என்றால் அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இப்படிக் கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2ஜி 2018-லேயே முடிந்துவிட்டது. வோடஃபோன் தன் 3ஜி சேவையை 2024 தொடக்கத்தில் மூடியது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் மூடின. இப்போது இருப்பது 4ஜியும் 5ஜியும் மட்டும்தான். அதனால் குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அந்த வசதிக்குப் பெயர் வோல்ட்டி. ஜியோ வந்த காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல்தான். ஆனால் ஊரில் வோல்ட்டி வேலை செய்த போனில் இங்கேயும் அது வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தெந்த நிறுவனத்தின் சிம்மில் வோல்ட்டி இயங்க வேண்டும் என்பது போனின் மென்பொருளில் இருக்கும். இந்தியச் சந்தைக்கென்று தயாரான சில ஆண்ட்ராய்டு போன்களில் ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்கான அமைப்பே இருக்காது. அந்தப் போனில் இணையம் வேகமாக ஓடும், வாட்ஸ்அப் பேசும். சாதாரண அழைப்பு மட்டும் போகாது.

வாட்ஸ்அப் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது. இங்கே அவசர உதவிக்கான எண் 000. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுதான். 000-வுக்கு அழைக்க முடியாத போன்களுக்குத் தங்கள் நெட்வொர்க்கில் சேவை தரக்கூடாது, அவற்றைத் தடுத்துவிட வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து தொலைபேசி நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. 4ஜியில் சாதாரணமாகப் பேசிவிட்டு, அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும் போன்களும் இந்த விதிக்குள் வரும். 2025 அக்டோபரில் இதே சிக்கலால் சாம்சங்கின் பழைய மாடல்கள் பல சிக்கலுள்ள போன்களின் பட்டியலில் வந்தன. சிலவற்றுக்கு மென்பொருள் அப்டேட் போதுமானதாக இருந்தது. கேலக்ஸி எஸ்6, எஸ்7 போன்றவற்றை மாற்றியே ஆக வேண்டியதாயிற்று. அப்பா, அம்மாவை இங்கே வரவழைக்கும்போது நம் பழைய போனைக் கொடுத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உடம்புக்கு முடியாத நேரத்தில் அவர்கள் கையில் இருக்கப்போகும் போன் அது. கொடுப்பதற்கு முன் தயவுசெய்து சோதித்துவிடுங்கள்.

சோதிக்கும் வழி எளிது. ஆஸ்திரேலிய சிம்மைப் போட்டதும், 3 என்ற எண்ணை மட்டும் 3498-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போன் சரியானதா இல்லையா என்று பதில் வரும். அப்புறம் வைஃபையையும் வைஃபை காலிங்கையும் அணைத்துவிட்டு ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேலே 4ஜி அல்லது 5ஜி அடையாளம் மறையாமல் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த சிம் ரோமிங்கில் வேலை செய்வதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சோதனைக்காக 000-வை அழைக்கவே கூடாது. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்தில் இருக்கும் ஒருவரின் அழைப்பு காத்திருக்க நேரிடும்.

சரி, அழைப்பு போகிறது. அடுத்தது பேண்ட்.

செல்போன் டவர்கள் பல அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேண்ட் எண் உண்டு. அலைவரிசை குறைவாக இருந்தால் சிக்னல் தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். அதிகமாக இருந்தால் வேகம் கிடைக்கும், ஆனால் தூரம் போகாது. தொலைவில் நடக்கும் திருவிழாவின் தவில் அடி வீட்டுக்குள் கேட்கும், தாளத்தின் ஓசை வந்து சேராது. அதே கணக்குதான் இங்கேயும்.

ஆஸ்திரேலியாவில் தூரம் போகிற முக்கியமான 4ஜி அலைவரிசை 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28. பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2013-இல் நிறுத்தியபோது காலியான இடம் அது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2015 முதல் அதை 4ஜிக்குப் பயன்படுத்துகின்றன. வோடஃபோன் 4ஜியில் அதே வேலையைச் செய்வது 850 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 5. நகரங்களில் பெரும்பாலான போக்குவரத்தைத் தாங்குவது 1800 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 3.

இந்தியாவில் 4ஜி பெரும்பாலும் 3, 5, 8, 40 ஆகிய பேண்டுகளில்தான் ஓடுகிறது. 700 மெகாஹெர்ட்ஸை ஜியோ வாங்கியதே 2022 ஏலத்தில்தான், அதுவும் 5ஜிக்காக. ஆகவே அதற்கு முன் இந்தியாவில் விற்ற குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் பேண்ட் 28 கிடையாது. இது இல்லாத போனோடு சிட்னியில் இறங்கினால் முதலில் ஒரு குறையும் தெரியாது. வென்ட்வர்த்வில் கடைத்தெருவிலும் பாரமட்டா ரயில் நிலையத்திலும் பேண்ட் 3 தாராளமாகக் கிடைக்கும். வீட்டின் உள்ளறைக்குள் போகும்போதும், நகரத்தை விட்டுக் காரில் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்போதும்தான் பிரச்சினை புரியும். பக்கத்தில் இருப்பவரின் போனில் இரண்டு கோடு இருக்கும், உங்கள் போனில் ஒன்றும் இருக்காது.

உங்கள் போனில் என்னென்ன பேண்ட் இருக்கிறது என்று பார்க்கும்போது மாடலின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று தயாரிக்கிறார்கள். பேண்டுகளும் அதற்கேற்ப மாறும். செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதே எண்ணுக்கு உரிய பட்டியலைப் பாருங்கள். ஐபோனில் அங்கே தெரியும் எண்ணை ஒருமுறை தொட்டால் 'ஏ' என்று தொடங்கும் எண் வரும். அதுதான் வேண்டியது. 4ஜி பட்டியலில் 28, 3, 5 மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 5ஜி பட்டியலில் (அங்கே பேண்ட் எண் 'என்' என்று தொடங்கும்) என்78 இருந்தால் நகரத்துக்குப் போதும். 3ஜியை மூடியதில் காலியான 850 மெகாஹெர்ட்ஸை டெல்ஸ்ட்ரா 5ஜிக்கு மாற்றியிருப்பதால் என்5 இருப்பதும் நல்லது. மிக உயர்ந்த அலைவரிசையில் இயங்கும் மில்லிமீட்டர் அலை 5ஜி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

பேண்டெல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் வரவில்லை என்றால்? உடனே போன் கடைக்குப் போகாதீர்கள். முதலில் சிம்மைச் சந்தேகப்படுங்கள். என் அனுபவத்தில் புதிதாக வந்தவர்கள் போனை மாற்றிய பல இடங்களில் சிம்மை மாற்றியிருந்தாலே போதும். இங்கே சிம் விற்கும் பெயர்கள் ஏராளம், ஆனால் சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவை மூன்றே நிறுவனங்கள். அமேசிம் ஆப்டஸ் நெட்வொர்க்கில் ஓடுகிறது. லெபாரா வோடஃபோனில். லைக்கா, ஆல்டி, பிலாங் ஆகியவை டெல்ஸ்ட்ராவில். ஆனால் இந்தக் கடைசி மூன்றுக்கும் டெல்ஸ்ட்ராவின் முழு நெட்வொர்க் கிடைக்காது. முழு நெட்வொர்க் மக்கள்தொகையில் 99.7 சதவீதத்தை எட்டுகிறது என்றால், இவர்களுக்குக் கிடைப்பது 98.8 சதவீதம். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு சதவீத மக்கள் வாழும் நிலப்பரப்பு மிகப் பெரியது. முழு நெட்வொர்க்கும் வேண்டுமென்றால் டெல்ஸ்ட்ராவின் சொந்த சிம் அல்லது பூஸ்ட் வாங்க வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. 491 என்ற திறன்சார் பிராந்திய விசாவில் வருகிறவர்களுக்குப் பெரிய விஷயம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டு வெளியே வாழ வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. டூவும்பா, ஆரஞ்ச், ஷெப்பர்ட்டன் போன்ற ஊர்களில் வேலை கிடைத்து வருகிறவர்கள், ஊருக்குள் சிக்னல் இருப்பதை மட்டும் பார்க்கக் கூடாது. வேலைக்குப் போய்வரும் சாலையில் எந்த நெட்வொர்க் நிற்கிறது என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள். நிறுவனங்களின் கவரேஜ் வரைபடத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காரின் மேல் பொருத்தும் வெளி ஆண்டெனா இருந்தால் மட்டும் கிடைக்கும் பகுதிகளை அதில் வேறு நிறத்தில் காட்டியிருப்பார்கள். வெறும் போனுக்குக் கிடைக்கும் பரப்பு அதைவிட நன்றாகவே குறைவு. 2025 ஜனவரியிலிருந்து வோடஃபோன் வாடிக்கையாளர்கள் கிராமப்புறங்களில் ஆப்டஸ் டவர்களைப் பயன்படுத்த முடிகிறது. அதனால் நகரத்துக்கு வெளியே அவர்களுக்கும் பேண்ட் 28 தேவைப்படுகிறது.

ஒரே பேண்டுகள் கொண்ட இரண்டு போன்களில் ஒன்று சிக்னலைப் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது என்பதும் உண்மை. உள்ளே இருக்கும் ஆண்டெனாவின் தரம் அது. டெல்ஸ்ட்ரா போன்களைச் சோதித்து, கிராமப்புறத்தில் நன்றாகப் பிடிப்பவற்றுக்கு 'புளூ டிக்' என்ற அடையாளம் தருகிறது. நகரத்துக்கு வெளியே வசிக்கப்போகிறவர்கள் புதுப் போன் வாங்கினால் கேமராவைப் பார்ப்பதற்கு முன் அந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒப்பிடும்போது கோடுகளை எண்ணாதீர்கள், ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு காட்டும். ஆண்ட்ராய்டில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சிக்னல் அளவு எண்ணாகவே இருக்கும். மைனஸ் 90 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) என்றால் நல்லது. மைனஸ் 115-ஐத் தாண்டி மைனஸ் 120 பக்கம் போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்.

வீட்டுக்குள் மட்டும் சிக்னல் இல்லை என்றால் அதற்குப் போனை மாற்றவே வேண்டாம். இங்குள்ள பல வீடுகளில் கூரை தகரம், சுவருக்குள் அலுமினியத்தாள் ஒட்டிய காப்பு. இரண்டுமே சிக்னலைத் தடுக்கும். வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் வீட்டு இணையம் வழியாகவே அழைப்பு போகும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். தொலைபேசி நிறுவனத்தின் அனுமதியில்லாத ரிப்பீட்டரைப் பயன்படுத்துவது இங்கே சட்டவிரோதம்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், இங்கே வந்து இங்கே வாங்குங்கள். ஆஸ்திரேலியாவுக்கென்று தயாரித்த மாடலில் பேண்டும் வோல்ட்டியும் பொருந்தியிருக்கும், பழுதானால் கடைக்காரரிடமே திரும்பிப் போக இந்த நாட்டு நுகர்வோர் சட்டம் துணை நிற்கும். ஆன்லைனில் விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால், அது வேறு நாட்டுக்கான மாடலா என்று விற்பவரிடம் மாடல் எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர் சிம்மையும் மறக்காதீர்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், ஆகவே இரண்டு சிம் வசதி நமக்கு அவசியம். இங்கே விற்கும் போன்கள் பலவற்றில் ஒரு சிம்முக்குத்தான் இடம், மற்றது இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். ஊர் எண்ணை இசிம்மாக மாற்றுவதானாலும், வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வைப்பதானாலும், கிளம்பும் முன் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் *#06# அழுத்தி, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, திருட்டுப் போன் பட்டியலில் இருக்கிறதா என்று அதற்கான ஆஸ்திரேலிய இணையதளத்தில் பாருங்கள். அங்கேயே உங்கள் சிம்மைப் போட்டு 3498-க்கும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு போன் பாருங்கள்.