வள்ளம் வேண்டாம்

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில், போன வாரம் ஒரு பிள்ளை அருமையான அரூப நிலக்காட்சி ஒன்று கீறியிருந்தாள்; மரம், வீடு என்று எதுவும் இல்லை, வண்ணம் மட்டும். மேலே சாம்பல், கீழே மங்கிய பச்சை, நடுவில் கத்தியால் இழுத்த ஒரு வெள்ளை. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் ஓரத்தில் ஒரு தென்னை முளைத்துவிட்டது! கோபம் வந்தது. அவள்மேல் பாதி, பழைய என்மேல் பாதி.

தூரிகை கழுவாதது, வண்ணத்தைச் சேறாக்குவது எல்லாம் தானாகத் திருந்தும். அரூபப் படத்துக்குள் இப்படி அடையாளம் தெரிகிற பொருளை நுழைப்பது திருந்தாது.

அடையாளம் வைப்பது

ஒருமுறை காலிமுகத்திடல் கடலை ஐந்தடி கன்வஸில் எண்ணெய் வண்ணத்தில் செய்துகொண்டிருந்தேன். ஒருவர் வாங்குவதாகச் சொல்லியும் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த மாமி, "தம்பி, கடல் எண்டால் ஒரு வள்ளமாவது வேண்டாமே?" என்றார். அன்றிரவே பெருவிரல் அளவில் ஒரு வள்ளம் வைத்தேன். வாங்க வந்தவர், "முந்தி வேற மாதிரி இருந்ததே" என்று சொல்லிப் போய்விட்டார். சுரண்டினால் அடியிலிருந்த ஈரப்பூச்சும் சேர்ந்து வந்தது. கன்வஸும் போச்சு, காசும் போச்சு.

கிடையாக ஒரு கோடு கிடைத்தாலே மனம் அதை அடிவானமாக்கி, மேலே வானம், கீழே தரை என்று பிரித்துக்கொள்ளும். மங்கலான நீலத்தைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் பார்ப்பவரின் சொந்தக் கடல் படத்துக்குள் வருகிறது. ஒருவருக்குப் பருத்தித்துறை, இன்னொருவருக்குத் தெஹிவளை. வள்ளம் வந்ததும் கண் அதில் போய் ஒட்டும். வள்ளம் எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே கடலின் அளவும் அங்கேயே முடிவாகிவிடும். மிச்சமெல்லாம் பின்சீலை.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான கண்டின்ஸ்கி 1913இல் எழுதிய நினைவுகளில் இதே சங்கதி உண்டு. மாலை மங்கலில் இனம்தெரியாத அழகோடு ஒரு படம் தெரிந்ததாம். கிட்டப் போனால், பக்கவாட்டில் சாய்த்து வைத்த அவருடைய படமே. மறுநாள் வெளிச்சத்தில் அந்த அழகு பாதிதான் திரும்பியது. பொருள்கள் தெரிந்துவிட்டன.

போட்டோவைப் பார்த்துக் கீறுவது

ஒருதரம் பாருங்கள். அப்புறம் போனைப் பைக்குள் போடுங்கள்.

தலைப்பு

'காலிமுகத்திடலில் மாலை' என்று பெயர் வைப்பதும் வள்ளம்தான்.

"விளங்குதா?" என்று கேட்பது

கேட்காதீர்கள். முக்கியமாக மாமியிடம்.

அந்தப் பிள்ளையின் படம் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணம், அதனால் தப்பியது. காய்ந்ததும் தென்னைமேல் சாம்பலைப் பூசி மறைத்தோம். தள்ளி நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேர், இப்பவும் எனக்கு அந்த மரம்தான் தெரியுது."