ஓவர்ஹால் வரம்பைத் தாண்டிய சிறுவிமான எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைக்கமிங் ஓ-320, ஓ-360 போன்ற எஞ்சின்களில் பலவற்றை 2,000 மணி நேரம் ஓடிய பின்போ 12 ஆண்டுகள் கழிந்த பின்போ, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துச் சீரமைத்தல்) செய்யும்படி தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காகப் பறப்பவர்களைச் சட்டம் இவ்வரம்புக்குக் கட்டுப்படுத்துவதில்லை. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச் செல்வோரின் நிலை வேறு. சட்டம் தடுக்கவில்லை என்பதையே எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்வது கூடாது.

மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஆண்டுக்கணக்கை மறப்பதே என் மதிப்பில் மிகப் பெரிய தவறு. இவ்வகை லைக்கமிங் எஞ்சின்களில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க்‌ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால், விமானம் வாரக்கணக்கில் நின்றால் அதன் மேலிருந்த எண்ணெய் வடிந்துபோய், ஈரக்காற்று பட்டு உலோகப் பரப்பில் துருப்புள்ளிகள் தோன்றுகின்றன. பின்னர் ஓடும்போது அந்த இடங்களிலிருந்தே உலோகம் பெயர்கிறது. பயிற்சிப் பள்ளியில் நாள்தோறும் பறந்து 2,000 மணியைத் தாண்டிய எஞ்சின், பதினைந்து ஆண்டுகளில் 600 மணியே ஓடிய எஞ்சினைவிட நலமாக இருக்கக்கூடும். நிற்கும் விமானத்தை வாரந்தோறும் பத்து நிமிடம் தரையில் ஓடவிடுவதும் உதவாது. எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகி வெளியேறும் அளவுக்கு எண்ணெய் சூடாகாமல், ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எண்ணெயின் வெப்பம் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின், அதே வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பறக்க வேண்டும்.

அடுத்தது, சிலிண்டர் அழுத்தத்தைக் கசியாமல் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை ஒன்றையே நம்பியிருப்பது. அதன் அளவு ஒவ்வொரு முறையும் சற்று மாறும்; கருகத் தொடங்கிய எக்ஸாஸ்ட் வால்வை (எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வை) அது காட்டாமலும் போகலாம். போர்ஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்கிக் கருவியால் சிலிண்டருக்குள் நோக்கும்போது, வால்வின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அது எச்சரிக்கை. எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்புவதால் ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஆய்வகச் சோதனை மிக நுண்ணிய துகள்களையே கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில்கள் ஃபில்டரின் மடிப்புகளில்தான் சிக்கியிருக்கும். ஆகவே இரண்டும் தேவை.

எஞ்சினைத் தாண்டி, 500 மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய மேக்னெட்டோக்களையும் (எரிபொருளைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் கருவிகள்), வயதாகி இறுகிப்போகும் ரப்பர்க் குழாய்களையும் கவனிக்காமல் விடக் கூடாது. சுழலும்போது புரொப்பெல்லர் எதிலாவது மோதியிருந்தால் மணிக்கணக்குக்கு அங்கே இடமே இல்லை. எஞ்சினின் உட்புறம் சோதிக்கப்பட வேண்டும்.

வரம்பு வந்த அன்றே நலமான எஞ்சினைப் பிரித்துவிடுவதும் சிந்தித்துச் செய்ய வேண்டியது. பொருத்துகையில் நேரும் பிழைகள் ஓவர்ஹாலுக்குப் பிந்தைய தொடக்க மணிகளிலேயே பெரும்பாலும் வெளிப்படுகின்றன. அதே வேளையில், ஒவ்வொரு மணி நேரப் பறப்புக்கும் ஓவர்ஹால் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கையில் பணமில்லாத உரிமையாளர்தான், ஃபில்டரில் செதில்களைக் கண்ட பின்னும் அடுத்த எண்ணெய் மாற்றம் வரை பறந்து பார்க்கத் துணிகிறார்.