மீன், ஊர்வன வளர்ப்புக்குப் புத்தகம் வாங்குகிறீர்களா? முதலில் இந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள்

முதலில் புத்தகம், அப்புறம் தொட்டி, கடைசியில்தான் உயிர். மீனோ ஆமையோ பல்லியோ, புதிதாக வளர்க்க நினைக்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் வரிசை இதுதான். ஆனால் புத்தகம் தவறாகிவிட்டால் மற்ற இரண்டும் தவறாகிவிடும். வாங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் நல்லதையும் மோசமானதையும் பிரித்துவிடலாம்.

படி 1: எந்த உயிர் என்று முடிவு செய்யுங்கள்

ஊர்வன என்றால் ஓர் இனத்துக்கென்றே எழுதிய புத்தகத்தை வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த பியர்டட் டிராகன் என்ற பல்லிக்கு வெயில் காயும் இடம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியோ 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் அடக்குகிற தடிமனான கலைக்களஞ்சியம் படம் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மீனுக்கு நேர்மாறு. முதல் புத்தகம் தண்ணீரைப் பற்றிப் பேசட்டும். இனவாரிப் புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: புத்தகத்தின் உண்மையான வயதைக் கண்டுபிடியுங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பதிப்புரிமைப் பக்கத்தில் கண்ணில் படும் ஆண்டு மறு அச்சின் ஆண்டாக இருக்கலாம். அட்டை புதிது, தாள் புதிது, உள்ளே இருப்பது முப்பது வருடத்துக்கு முந்தைய அறிவு. "திருத்திய பதிப்பு" என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் உள்ளே புகுந்து சோதியுங்கள்.

மீன் புத்தகத்தில், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சை அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா எது என்று பாருங்கள். நைட்ரோபாக்டர் மட்டும் இருந்தால் பழைய சரக்கு. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-லேயே ஆய்வு வந்துவிட்டது. இது ஒன்றால் மீன் சாகப்போவதில்லை, ஆனால் புத்தகத்தின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். அறிவியல் பெயர்களும் அப்படித்தான். சிவப்புக் காது ஆமை இப்போது ட்ராகெமிஸ். சூடெமிஸ் என்றிருந்தால் பழையது.

ஊர்வனவற்றில் பழைய புத்தகம் நேரடியாக ஆபத்து. பச்சை இகுவானா என்ற பெரிய பல்லிக்கு நாய் உணவு கொடுக்கச் சொல்லும் பக்கங்களை இன்றும் பார்க்கலாம். அது இலை தின்னும் பிராணி; மாமிசப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சூடேற்றும் கல்லைப் பரிந்துரைத்தாலும் புத்தகத்தை மூடிவிடுங்கள். வயிற்றுப் பக்கம் வெந்துபோகும்.

படி 3: சொல்லடைவைத் திறங்கள்

கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு, அதாவது இன்டெக்ஸ், இல்லாத வளர்ப்புப் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. நள்ளிரவில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்ட முடியாது.

மீனுக்கு இந்தச் சொற்களைத் தேடுங்கள்: அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சு), தனிமைப்படுத்தல் (புது மீனைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்ப்பது), குளோரமைன் (குளோரின் போலக் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்ப்பது). புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்று சொல்கிறதா? "குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வையுங்கள்" என்று மட்டும் இருந்தால் போதாது. குளோரின் அப்படிப் போகும், குளோரமைன் போகாது. (தண்ணீர்ச் சோதனைக்குக் காகிதப் பட்டையைவிடத் திரவச் சோதனைப் பெட்டியை நம்பலாம். அதைச் சொல்லும் ஆசிரியர் தொட்டியோடு பழகியவர்.)

ஊர்வனவற்றுக்கு: யுவிபி (எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர்), கால்சியம், வெப்பநிலை. வெயில் காயும் இடம், குளிர்ந்த மூலை, இரவு என்று மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். "வெதுவெதுப்பாக வைக்கவும்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யுவிபி கதிர் சாதாரணக் கண்ணாடியில் தடுக்கப்படும், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் நாளடைவில் யுவிபி குறைந்துவிடும். இந்த இரண்டும் இல்லாத புத்தகத்தை நம்பி எலும்பு வளைந்துபோகும் பிராணிகள் ஏராளம்.

படி 4: வளர்ந்தால் எவ்வளவு?

தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த படம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். விரல் நீளத்தில் விற்கும் சாதாரண ப்ளெகோ மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டும் என்று சொல்கிற புத்தகம் நேர்மையானது.

பின்சேர்க்கை: மின்நூலில் சொல்லடைவு இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். தேடல் பெட்டியில் அதே சொற்களை அடித்துப் பாருங்கள்; ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு, எல்லாவற்றையும் முயலுங்கள். இன்னொன்று, அதே ஆசிரியர் பெயரில் வேறு விலங்கைப் பற்றி மின்நூல் இருந்தால் இரண்டின் மாதிரிப் பக்கங்களையும் அருகருகே திறந்து வையுங்கள். பிராணியின் பெயரை மட்டும் மாற்றி அதே வாக்கியங்கள் வந்தால் இரண்டையுமே விட்டுவிடுங்கள்.