விலங்கு நடத்தை ஆய்வு: களத்துக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

விலங்கு நடத்தையும் விலங்கு நலனும் படிக்க வரும் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்கள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. எங்கள் தலைமுறை இடறிய இடத்திலேயே இவர்களும் இடறுகிறார்கள். சார்ஜ் இல்லாத கேமராவோடு போவது, தேதி குறிக்க மறப்பது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

கோழியை எண்ணி, கொட்டகையை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். நாமக்கல் பக்கம் ஒரு மாணவி முதுநிலை ஆய்வு செய்தார். ஒரு பண்ணையில் முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டில், இன்னொன்றில் ஆழ்கூளத்தில், அதாவது உமி, மரத்தூள் போன்றவற்றைத் தடிமனாகப் பரப்பிய தரையில். இந்த வேறுபாடு கோழியின் மண் குளியலை எப்படி மாற்றுகிறது என்பது கேள்வி.

உழைப்பில் குறையே சொல்ல முடியாது. கூளத்தில் இருக்கும் கோழி காலால் கிளறி, குந்தி, இறகைச் சிலிர்த்து, இறக்கையை அடித்துத் தூளை இறகுகளுக்குள் ஏற்றும். பக்கவாட்டில் தேய்த்துப் புரண்டு, கடைசியில் எழுந்து ஒரே உதறாக உதறும். கூண்டுக்கோழிக்குத் தூள் கிடையாது. ஆனாலும் வெறும் கம்பி மேல் குந்திக்கொண்டு, எதிரே தொட்டியில் உள்ள தீவனத்தை அலகால் தன் பக்கம் இழுத்து இழுத்து அதே அசைவுகளைச் செய்யும். இரண்டையும் அழகாகப் பிரித்துக் குறித்திருந்தார்.

மாதிரி எண்ணிக்கை என்று ஆய்வேட்டில் போட்டிருந்தது நூற்றுக்கணக்கான கோழிகள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் கேட்டார்: "எத்தனை பண்ணைம்மா?" இரண்டு. அப்படியானால் ஒவ்வொரு வளர்ப்பு முறைக்கும் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். அந்தப் பண்ணைகளில் தீவனம் வேறு, கோழி இனம் வேறு, வயது வேறு, பராமரிக்கும் ஆள் வேறு. வித்தியாசம் கூண்டால் வந்ததா, தீவனத்தால் வந்ததா என்று எந்தக் கணக்குப் போட்டும் பிரிக்க முடியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-லேயே இதற்கு சூடோரெப்ளிகேஷன் (ஒரே மாதிரியைப் பல மாதிரிகளாக எண்ணும் போலிப் பெருக்கம்) என்று பெயர் கொடுத்து விரிவாக எழுதிவிட்டார். இன்னமும் நடக்கிறது. அந்த மாணவி மீது எனக்குக் கோபமில்லை. திட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவர்கூட அந்தக் கேள்வியை முன்னமே கேட்கவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

ஒரு பண்ணையில் நூறு கோழியைப் பார்ப்பதைவிடப் பத்துப் பண்ணையில் பத்துப் பத்தாகப் பாருங்கள். அதற்கு வழியில்லையா? சரி, ஒரே கொட்டகைக்குள் பல தடுப்பறைகள் போட்டு, எதில் கூளம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தடுப்பறைகளின் எண்ணிக்கைதான் உங்கள் மாதிரி எண்ணிக்கை. ஒரே குரங்கை இருநூறு முறை குறித்தாலும் அது ஒரு குரங்குதான். புள்ளியியல் ஆசிரியரைப் பார்க்க வேண்டியது முதல் கோழியைப் பார்ப்பதற்கு முன்பு.

கண்ணில் பட்டதை எழுதுவது

கோயில் குரங்குகளைப் பார்க்கப் போனவர்களின் நோட்டில் சண்டைதான் நிறைந்திருக்கும். சண்டை கண்ணை இழுக்கும், மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் குரங்கு இழுக்காது. இப்படி எடுத்த குறிப்பிலிருந்து குரங்கு எவ்வளவு நேரம் சண்டையிடுகிறது என்று சொல்லவே முடியாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டது. ஒரு விலங்கைக் குறித்த நேரம் வரை விடாமல் கவனிக்கலாம். அல்லது குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஒவ்வொன்றும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று குறிக்கலாம். எது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

"கோழி மகிழ்ச்சியாக இருந்தது"

என்ன அசைவைக் கண்டீர்கள்? அதை எழுதுங்கள்.

வீடியோவைத் தனியாளாகக் குறிப்பது

உங்கள் கேள்வி என்னவென்றே தெரியாத ஒருவரிடம் ஒரு பகுதியைக் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா மதிப்பைப் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புமையை அளக்கும் எண்) போட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நடத்தைப் பட்டியலில் உள்ள வரையறைகளைத் திருத்திவிட்டு மறுபடி குறியுங்கள்.

அனுமதி

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில், தரவு பிறகு.