தேடல் இன்டெக்ஸ் நிர்வாக இடைமுகத்தை விரிவாக்கும்போதும் சோதிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் இயந்திரம் ஒன்றுக்கு நாம் எழுதும் நிர்வாக இடைமுகம் பார்வைக்கு மிகச் சிறியது. இன்டெக்ஸ்களின் (தேடுவதற்கேற்ப ஆவணங்களைத் தொகுத்துவைக்கும் கிடங்குகள்) பட்டியல், ஒவ்வொன்றிலும் உள்ள ஆவணங்களின் எண்ணிக்கை, அருகே சில பொத்தான்கள், அவ்வளவுதான். புதிய பொத்தான் ஒன்றைச் சேர்க்க அரை நாள் போதும். ஆனால் அது பிழையாக இயங்கினால் திரையில் எதுவும் உடைவதில்லை. தளத்தில் தேடுபவருக்கு, இருக்கின்ற நூல் இல்லையென்று பதில் போகிறது. கொழும்பில் மும்மொழி நூற்பட்டியல் ஒன்றின் தேடலைப் பராமரிக்கும் சிறிய குழுவில் நான் வேலை செய்கிறேன். இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நாங்களே செய்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பயன்பாட்டில் உள்ள இன்டெக்ஸை அதே பெயரில் அழித்துவிட்டு மீண்டும் கட்டுவது. ஏற்கெனவே உள்ள புலம் (தலைப்பு, திகதி போன்ற தரவுப் பகுதி) ஒன்றின் வகையை எலாஸ்டிக்சர்ச்சில் மாற்ற முடியாது என்பதால், மேப்பிங்கில் (புலங்களின் வகைகளைச் சொல்லும் வரையறை) அந்த வகை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய இன்டெக்ஸ் தேவைப்படுகிறது. எங்கள் ‘மீளக் கட்டு’ பொத்தான் முதலில் பழையதை அழிக்கும், அடுத்துப் புதிய மேப்பிங்குடன் ஒன்றை உருவாக்கும், பின்னர் தரவை ஏற்றும். அழிப்பதற்கும் உருவாக்குவதற்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை. ஒரு நாள் அந்த இடைவெளிக்குள் பதிவாளர் ஒருவர் புதிய நூலொன்றைச் சேமித்துவிட்டார். இல்லாத இன்டெக்ஸுக்கு ஆவணம் வந்தால் இயந்திரம் தானாகவே அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கி, புலங்களின் வகையையும் ஊகித்துக்கொள்ளும். அடுத்து வந்த எங்கள் கட்டளைக்கு ‘ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழை கிடைத்தது. அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நிரலில் எழுதியிருந்தவன் நான்தான். தரவு முழுவதும் ஏறியது, எண்ணிக்கையும் சரியாக இருந்தது, ஆனால் தமிழுக்கென்று நாங்கள் அமைத்திருந்த பகுப்பாய்வி (உரையைத் தேடத்தக்க சொற்களாகப் பிரிப்பது) அந்த இன்டெக்ஸில் இல்லை. தமிழ்த் தலைப்புகள் அகப்படவில்லை என்று நூலகர் ஒருவர் தொலைபேசியில் சொல்லும்வரை எவருக்கும் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு அலியாஸ், அதாவது இன்டெக்ஸைச் சுட்டும் மாற்றுப் பெயர். செயலி எப்போதும் ‘நூல்கள்’ என்ற அலியாஸையே கேட்க வேண்டும். அது உள்ளே ‘நூல்கள்-1’ என்பதைச் சுட்டும். புதியதை ‘நூல்கள்-2’ எனக் கட்டி, ஆவண எண்ணிக்கையை மட்டுமன்றி மேப்பிங்கையும் ஒப்பிட்ட பின்பே அலியாஸை மாற்ற வேண்டும். பழையதிலிருந்து நீக்குவதையும் புதியதில் சேர்ப்பதையும் ஒரே கோரிக்கையில் அனுப்பினால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். தனித்தனியாக அனுப்பினால் மீண்டும் அதே இடைவெளிதான். பழையதிலிருந்து புதியதற்குத் தரவைக் கொண்டுசெல்லும் ரீஇன்டெக்ஸ் கட்டளை தொடங்கும் நேரத்தில் இருந்த நிலையையே இயந்திரம் நகலெடுக்கிறது. இடையில் திருத்தப்பட்டவை அதில் சேரா. அவற்றைத் தனியே பிடித்து எழுதும் படி பொத்தானுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பதிலின் மேலுறையை மட்டும் பார்த்து ‘வெற்றி’ என்று பச்சையாகக் காட்டுவது அடுத்த தவறு. மொத்தமாக ஏற்றும் பல்க் கோரிக்கையில் ஆயிரத்தில் நாற்பது ஆவணங்கள் நிராகரிக்கப்பட்டாலும் நிலைக் குறியீடு, வெற்றி என்று பொருள்படும் 200 என்றே வரும். பிழைகள் உள்ளனவா என்பதைப் பதிலின் உள்ளே இருக்கும் தனிப் புலம்தான் சொல்கிறது. வேண்டுமென்றே தவறான திகதி உள்ள ஓர் ஆவணத்தைக் கலந்து அனுப்பி, திரை அதைச் சிவப்பில் காட்டுகிறதா என்று சோதியுங்கள்.

உண்மையான தேடல் இயந்திரத்துக்குப் பதிலாக, நாம் எழுதிவைத்த பதில்களைத் தரும் போலி இயந்திரத்தை வைத்துச் சோதித்தால் இவற்றில் எதுவும் அகப்படாது. போலி தரும் பதிலை எழுதியவரும் நாமே என்பதால், நமது தவறான எண்ணமே இரண்டு பக்கமும் இருக்கும். பயன்பாட்டில் உள்ள அதே பதிப்பைக் கொள்கலன் (தனித்து இயங்கும் கணினிச் சூழல்) ஒன்றில் இயக்கிச் சோதிப்பதே சரி. அப்போது வேறொரு சிக்கல் வரும்: எழுதிய ஆவணம் உடனே தேடலில் தெரியாது. புதிதாக எழுதியவற்றைத் தேடலுக்குத் திறந்துவிட, வழமையாக விநாடிக்கு ஒரு முறை நடக்கும் ரிஃப்ரெஷுக்குப் பிறகே தெரியும். 30 விநாடிகள் தேடலே வராத இன்டெக்ஸில் அதுவும் நின்றிருக்கும். இதற்காகச் சோதனையில் இரண்டு விநாடி தூங்கவைப்பவர்கள் பலர். அந்தச் சோதனை சில நாள் தேறும், சில நாள் தோற்கும், கடைசியில் எவரும் அதை நம்பமாட்டார்கள். எழுதும் கோரிக்கையிலேயே ரிஃப்ரெஷ் ஆகும்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

சோதனைத் தரவை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பது இந்த ஊரில் மன்னிக்க முடியாத தவறு என்பது என் எண்ணம். ‘கொழும்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்யாத இன்டெக்ஸுக்கு வெவ்வேறு சொற்கள். யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ செருகுநிரலின் இயல்பாக்கி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் எங்கள் கடிதங்களில் அடிக்கடி வரும் ‘கௌரவ’ என்ற சொல்லைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள். யூனிகோடு இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனெனில் ளகரம் அங்கே தனி எழுத்து. இதற்குத் தனி விதி எழுத வேண்டும். இரண்டு வடிவங்களையும் சோதனையில் வைக்கவும் வேண்டும்.

உரிமை இல்லாதவரிடமிருந்து அழிக்கும் பொத்தானை மறைத்தால் மட்டும் போதாது. சேவையகமும் மறுக்கிறதா என்பதை வாசிப்பு உரிமை மட்டும் உள்ள கணக்கிலிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாள்தோறும் ஓர் இன்டெக்ஸ் உருவாகும் நிகழ்வுப் பதிவேடுகளில் (லாக்) நேரமும் ஏமாற்றும். பெயரில் உள்ள திகதி யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி அமைகிறது. இலங்கை அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ‘ஏழு நாளுக்கு முந்தியவற்றை அழி’ என்ற பொத்தான் உலாவியின் திகதியைக் கொண்டு கணக்கிட்டால், கொழும்பில் நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30க்கும் இடையே அழுத்துபவர் ஒரு நாளுக்குரியதைக் கூடுதலாக அழித்துவிடுவார். அலுவலக நேரத்தில் எழுதி ஓட்டும் சோதனை எப்போதும் தேறிவிடும். ஆகவே கடிகாரத்தை அதிகாலை 5.29க்கும் 5.31க்கும் நிறுத்தி, இரண்டாவது முறை மட்டும் அழிக்கப்படும் பெயர்களில் ஒரு நாளுக்குரியது கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.