துண்டு மரத்தில் கிண்ணம் கடைய ஓர் ஆப்பு

இலங்கையின் வன்னிப் பகுதித் தச்சுப் பட்டறைகளில் முதிரை, தேக்குத் துண்டுகள் கடைசியில் விறகாகிவிடுவதுண்டு. அவற்றை வளையமாக ஒட்டி அடுக்கி, கடைசல் மெஷினில் கிண்ணமாக்கலாம். முதிரையின் மஞ்சளும் தேக்கின் பழுப்பும் மாறி மாறி வந்தால் சாயமே வேண்டாம்.

தொல்லை கோணத்தில்தான். 12 துண்டு வளையத்துக்கு ஒவ்வொரு துண்டின் இரு முனையையும் 15 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். ஒரு வெட்டில் கால் பாகை பிசகினால் 24 வெட்டில் 6 பாகை சேர்ந்துவிடும். பசை ஊற்றி மறைக்க முடியாது.

அதனால் பாகைமானியை விடுங்கள். பிளைவுட்டில் இரு பக்கமும் 30 செ.மீ., அடிப்பக்கம் 15.5 செ.மீ.க்கு மயிரிழை கூடுதலாக ஒரு முக்கோண ஆப்பு வெட்டினால் முனை 30 பாகை. மேசை வாளின் பள்ளத்தில் ஓடும் பலகையில், வாளுக்கு ஒரே பக்கமாக, மரத்தை அணைத்து வெட்ட இரண்டு சட்டங்களை வையுங்கள். நடுவே ஆப்பை இறுக்கி, சட்டங்களைப் பூட்டியபின் ஆப்பை எடுங்கள். மரத்தைப் புரட்டாமல் ஒரு வெட்டு இந்தச் சட்டத்தில், அடுத்தது மற்றதில். ஒன்று 14, மற்றது 16 என்றிருந்தாலும் கூட்டு 30தான், வளையம் மூடும். ஆப்பு சரியாக இருந்தால் போதும்.

துண்டின் வெளி நீளம், விட்டத்தை 0.268ஆல் பெருக்கினால் வரும்: 20 செ.மீ. கிண்ணத்துக்கு ஏறக்குறைய 5.4 செ.மீ. சின்னத் துண்டு வாளில் சிக்கினால் தெறிக்கும். வாள் நின்றபின்தான் கையால் எடுக்க வேண்டும்.

அப்புறம், முதலில் இரண்டு அரைவளையமாக ஒட்டி, முனைகளைத் தட்டையான பலகையில் ஒட்டிய அரத்தாளில் தேய்த்துச் சேருங்கள். இறுக்குவதற்குப் பழைய சைக்கிள் டியூப்பே போதும்.